கிணறு கோட்டுக்கு எந்தப் பக்கம்

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. "அதெல்லாம் முடிஞ்ச கதை, இன்னும் ஏன்கா மனசுல வச்சிரிக்க?" என்று சொந்தக்காரப் பெண்கள் கேட்கிறார்கள். வைத்திருப்பேன். என் மனசு, என் வளவு, யாரிடம் கேட்க வேண்டும்?

அவர் மட்டக்களப்பு நகரத்தில் கணக்குப் படிப்பித்தவர். கிடுகு வேய்ந்த நீளக் கொட்டில், எண்பது பிள்ளைகள், ஒரு கரும்பலகை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுத்த எவரும் அவரிடம் போகாமல் தப்ப முடியாது. நானும் போனேன். அதோடு அவர் எங்கள் பக்கத்து வளவுக்காரர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற ஒடுங்கிய மணல் துண்டில் எங்கள் வளவு வடக்கே, அவருடையது தெற்கே. அவர் அங்கே குடியிருக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு தென்னையை நட்டுவிட்டு நகரத்தில் வீடு கட்டி இருந்தார். தேங்காய் பிடுங்க வரும்போது மட்டும் வேலிக்கு மேலால் தலை தெரியும்.

ஆள்கூற்றுக் கேத்திரகணிதத்தில், அச்சு வரைந்து புள்ளியும் கோடும் குறிக்கிற கணக்கில், அவருக்குப் பிடித்த விளையாட்டு ஒன்று இருந்தது. ஒரு கேள்வி எழுதுவார். அதன் கீழே இரண்டு கூற்றுகள். விடையைக் காணச் சொல்ல மாட்டார். விடை காண இந்தத் தரவு போதுமா என்று மட்டும் கேட்பார். முதற்கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, அல்லது சேர்ந்தாலும் போதாதா? கேட்கச் சுலபமாக இருக்கும். செய்து பார்த்தால் தலை வெடிக்கும். ஏனென்றால் கணக்கில் இல்லாத ஒன்றை நம் மனசு தானாகவே சேர்த்துக்கொள்ளும்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. ஒரு நேர்கோட்டின் படித்திறன், அதாவது சாய்வு, நேர் எண்ணா, கோடு ஏறிப் போகிறதா என்பது கேள்வி. கோடு (3, 4) என்ற புள்ளியினூடாகச் செல்கிறது என்பது முதற்கூற்று. நான் எழும்பி, "அது மட்டும் போதும் சேர்" என்றேன். கரும்பலகைக்குக் கூப்பிட்டு வரையச் சொன்னார். அச்சுகள் வெட்டுகிற இடத்திலிருந்து, அதாவது உற்பத்தியிலிருந்து, (3, 4) வரைக்கும் அழகாக ஒரு கோடு இழுத்தேன்.

"உற்பத்தியால போகுதெண்டு ஆர் சொன்ன?" என்றார் அவர்.

நான் இழுத்த கோட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"கொம்மாவா சொன்ன?"

எண்பது பேரும் சிரித்தார்கள். ஒரு புள்ளியால் எத்தனையோ கோடு போகும், ஏறியும் போகும் இறங்கியும் போகும் என்று அவர் கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். அது சரிதான். பிழை என்னுடையதுதான். ஆனால் அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "எங்க நம்மட தரவு போதாது? வந்திட்டாவா?" என்பார். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். கடைத்தெருவில் போனால்கூடச் சைக்கிளில் போகிற ஒருவன் "தரவு போதாதூ" என்று கத்திவிட்டுப் போவான். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது என்ன வேதனை என்று பட்டவளுக்குத்தான் தெரியும்.

அது அந்த அளவோடு நின்றிருந்தால் நானும் மறந்துதான் இருப்பேன்.

எங்கள் வீட்டில் அம்மா, நான், தங்கச்சி. அப்பா காய்ச்சலில் போய் நாலு வருசம் ஆகியிருந்தது. எங்கள் பக்கம் வளவும் வீடும் பெண்பிள்ளைகளுக்குத்தான். அந்த வளவு அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. அம்மா அதை எங்கள் இருவருக்கும் எப்போதோ பிரித்துவிட்டார். வீடு இருக்கிற பாதி எனக்கு, கிணறு இருக்கிற பாதி தங்கச்சிக்கு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பெருமை. நான் தண்ணீர் அள்ளப் போனால் வாளியைப் பிடித்துக்கொண்டு, "இது என்ட கிணறு, கேட்டுட்டு அள்ளு" என்பாள். கடலுக்கு இவ்வளவு கிட்ட அப்படி நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறு அந்தப் பக்கத்தில் வேறு இல்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஊர் முழுக்க லீவில் இருக்க அவர் மட்டும் வகுப்பு வைத்தார். அதனால் கடல் பொங்கி ஊருக்குள் வந்தபோது நான் பாலத்துக்கு அந்தப் பக்கம், அவருடைய கொட்டிலில், இரண்டு வட்டங்கள் தொடுமா வெட்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய வகுப்பால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும், அதற்காகச் சொல்கிறேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

அம்மா அந்த நேரம் தங்கச்சிக்குக் கிணற்றடியில் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் தலையிலும் உடம்பிலும் சவர்க்காரம். தண்ணீர் வந்ததும் அம்மா ஒரு கையால் கப்பி தொங்குகிற தூணைக் கட்டிப் பிடித்தார், மற்றக் கையால் பிள்ளையைப் பிடித்தார். தூண் நின்றது. சவர்க்காரம் போட்ட கை வழுக்கிவிட்டது. தங்கச்சியின் உடலை நாங்கள் கண்டெடுக்கவே இல்லை.

தண்ணீர் வற்றிய பிறகு எங்கள் வளவில் நின்றது மூன்றே மூன்று. வீட்டின் வாசற்படி. கிணறு. தெற்கு வேலி கடல் பக்கம் தொடங்குகிற மூலையில் நின்ற பூவரசின் அடிக்கட்டை. வேலியும் வீடும் தென்னைகளும் போன இடம் தெரியவில்லை. வளவு எங்களுடையது என்ற காணி உறுதியும் அலுமாரியோடு போய்விட்டது.

அகதி முகாமில் இருந்துகொண்டே அம்மா ஒவ்வொரு ஞாயிறு காலையும் அந்தக் கிணற்றடிக்குப் போய் ஒரு சிட்டி விளக்கு ஏற்றி வைத்துவிட்டு வருவார். புதைத்த இடம் என்று ஒன்று இருந்தால் அங்கே போயிருப்பார். இல்லாதபடியால் கைவிட்ட இடத்துக்குப் போனார்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு ஞாயிறு நானும் கூடப் போனேன். கிணற்றை மறித்து முள்ளுக்கம்பி வேலி. பூவரசங்கட்டையில் தொடங்கி வாவி வரைக்கும் புதுச் சீமெந்துத் தூண்கள். கிணறு அந்தப் பக்கம். படலையில் ஒரு பெரிய பூட்டு. சேர்தான் வேலி போட்டவர், வெளிநாட்டு நிறுவனத்து ஆட்களுக்கு வாடகைக்குக் கொடுக்க அறைகள் கட்டப் போகிறார், அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் சொன்னார்.

நான் நேரே வகுப்புக் கொட்டிலுக்குப் போனேன். அவர் சோக்கைத் தட்டிக்கொண்டே, "அளந்துதான் போட்டன். கிணறு என்ட பக்கம்தான் வருது" என்றார்.

"அம்மா விளக்கு வைக்கிற இடம் சேர்."

"அதுக்கென்ன, நான் வேணாமெண்டா சொன்ன? கேட்டுட்டு வரச் சொல்லு. துறப்பு வீட்டதான் இரிக்கு."

எங்கள் கிணற்றுக்கு, எங்கள் பிள்ளைக்கு விளக்கு வைக்க, அம்மா பாலம் தாண்டிப் போய் அவர் வீட்டு வாசலில் நின்று பூட்டின் திறப்பைக் கேட்க வேண்டுமாம். அம்மா கேட்கவில்லை. அடுத்த ஞாயிறிலிருந்து விளக்கை முள்ளுக்கம்பிக்கு வெளியே மணலில் வைத்தார். அங்கே கடற்காற்று நேரே அடிக்கும். வைத்த கையோடு அணைந்துவிடும். அம்மா திரும்பக் கொளுத்துவார். அறுவான் என்று நான் வாய்விட்டே திட்டினேன். அம்மா திட்டவும் இல்லை.

காணிப் பிணக்குகளை விசாரிக்க ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று பேர் கொண்ட குழு இருந்தது. நாங்கள் முறைப்பாடு கொடுத்தோம். பதிவகத்தில் எடுத்த உறுதியின் பிரதியில் படம் இல்லை, எழுத்து மட்டும்தான். தெற்கெல்லை, பூவரசில் தொடங்கிக் கிழக்கு மேற்காக ஓடி வாவிக்கரை எல்லைக்கல்லில் முடியும் வேலி என்று எழுதியிருந்தது. பூவரசங்கட்டை இருக்கிறது. எல்லைக்கல் எங்கே? வாவிக்கரையில் அந்த இடத்தில் இராணுவக் காவலரண் ஒன்று மண்மூட்டைகளோடு நின்றது. கிட்டப் போகவே முடியாது.

அவர் ஒரு நாட்காட்டித் தாளைத் திருப்பி, அச்சு வரைந்து, விசாரணைக் குழுவுக்கே வகுப்பு எடுத்தார். ஒரு புள்ளிதான் இரிக்கு. ஒரு புள்ளியால எத்தனையோ கோடு போகும். உறுதியில கிழக்கு மேற்கு எண்டிரிக்கு. நான் திசைகாட்டி வச்சுக் கிழக்கு மேற்காப் போட்டிரிக்கன். பாக்காத கல்லு தரவில்ல. மூன்று பேரும் தலையாட்டினார்கள். அதில் இரண்டு பேரின் பிள்ளைகள் அவருடைய வகுப்பில் படித்தவர்கள்.

அப்போது அம்மா எழும்பினார். "ஐயா, நான் ஒண்டு சொல்லட்டா? பூவரசடியில நிண்டு பாத்தா எங்கட வேலிக் கம்பெல்லாம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு ஒளிச்சிரும். அதுக்கு நேரே ஆத்துக்கு அக்கரையில தண்ணித் தாங்கி தெரியும். நான் நெடுகப் பாக்கிறனான்."

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தபடி, "அக்கா, தண்ணித் தாங்கி உங்கட உறுதியில இரிக்கா?" என்றார். மண்டபமே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. திரும்பவும் கரும்பலகைக்கு முன்னால் நிற்பது போல இருந்தது. அம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைப் பிடித்து இழுத்து, "சும்மா இரிங்கம்மா, மானம் போகுது" என்றேன். அம்மா இருந்துவிட்டார்.

போதிய ஆதாரம் இல்லை, வேறு தரவு கிடைக்கும்வரை வேலி இருக்கிறபடி இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வரும்போது அவர் என் பக்கம் கிறுகிப் பார்த்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தரவு போதாது" என்றார்.

அந்த நிமிடம் முடிவு எடுத்தேன். இந்த மனிதரை இவருடைய கணக்காலேயே, இவருடைய வாயாலேயே, இவருடைய பிள்ளைகளுக்கு முன்னாலேயே கவிழ்க்க வேண்டும். அமிர்தகழி மாமாங்கக் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்தேன். மற்றப் பிள்ளைகள் சோதனை பாசாக வேண்டும் என்று நேர்த்தி வைத்தார்கள். நான் ஒரு மனிசனின் மூக்கு உடைய வேண்டும் என்று வைத்தேன். சாமி என்ன நினைத்ததோ தெரியாது, நான் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் கணக்குப் படித்ததைப் படிப்பு என்று சொல்ல முடியாது. பழி என்றுதான் சொல்ல வேண்டும். வந்தாறுமூலைக்குப் பல்கலைக்கழகம் போனேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கொப்பியில் கோடுகளாகவே போட்டேன். ஒரு புள்ளி தந்தால் என்ன காணலாம், படித்திறன் மட்டும் தந்தால் என்ன காணலாம், இரண்டும் தந்தால் என்ன காணலாம். எந்தக் கணக்கை எடுத்தாலும் அதில் ஒரு புள்ளியை அவராக வைத்துக்கொள்வேன். அந்தப் புள்ளி கோட்டுக்கு வெளியே விழுந்தால் அன்று முழுக்க எனக்குச் சந்தோசம். பைத்தியம் என்று தோழிகள் சொன்னார்கள். இருந்திருக்கலாம்.

அங்கேதான் ஒரு நாள் சுவரில் தொங்கிய மாவட்டப் படத்தைப் பார்த்து நின்றேன். எங்கள் ஊரில் கடல் இருக்கிற பக்கம் கிழக்கு, ஆறு இருக்கிற பக்கம் மேற்கு. நடக்கத் தொடங்குகிற பிள்ளைக்குக்கூட அப்படித்தான் சொல்லிக் கொடுப்போம். உறுதி எழுதுகிறவரும் அப்படித்தான் எழுதுவார். ஆனால் படத்தில் கரை நேர் வடக்குத் தெற்காக ஓடவில்லை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிந்து ஓடுகிறது. அப்படியென்றால் கடலை நேரே பார்த்து நிற்பவர் கிழக்கைப் பார்க்கவில்லை, வடக்குப் பக்கம் சாய்ந்த வேறொரு திசையைப் பார்க்கிறார். உறுதியில் இருந்தது கடல் கிழக்கு. அவர் போட்டது திசைகாட்டிக் கிழக்கு. பூவரசங்கட்டையில் இரண்டும் ஒன்றாகத் தொடங்கி, வாவியை நோக்கிப் போகப் போக விலகும். அந்த ஆப்பு வடிவத் துண்டு முழுக்க எங்கள் வளவு. அதற்குள்தான் கிணறு.

கொப்பியை எடுத்து அதை வரைந்தேன். ஆனால் விலகல் எவ்வளவு? சரியான சாய்வு தெரியாமல் கிணறு எந்தப் பக்கம் என்று நிறுவ முடியாது. மறுபடியும் அவர் சிரிப்பார். எனக்கு இரண்டாவது புள்ளி வேண்டும். அது மண்மூட்டைகளுக்குள் இருந்தது. யுத்தம் முடியாமல் அது வெளியே வராது. ஊரில் எல்லோரும் யுத்தம் முடிய வேண்டும் என்று நூறு காரணத்துக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள். என்னுடைய காரணம் ஒரு முழ உயரக் கல்.

யுத்தம் முடிந்தது. அந்த வைகாசியில் வடக்கிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு ஊரே வாயடைத்துக் கிடந்தது. நானும் அழுதேன். அழுதுகொண்டே காவலரண் எப்போது எடுபடும் என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தன, என்ன செய்ய? சில மாதம் கழித்து லொறி வந்து மண்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் நான் மண்வெட்டியோடு போனேன். பற்றையை வெட்டி, மணலை இழுத்தபோது கல் தட்டுப்பட்டது. தலையில் வெட்டின சிலுவைக் குறி அப்படியே இருந்தது.

நாடாவும் திசைகாட்டியும் வைத்து நானே அளந்தேன். பத்தடியை ஓர் அலகாக வைத்துக்கொண்டேன். அவர் தன் காணியை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகப் படத்தைத் தலைகீழாகத் திருப்பி, தெற்கை மேலே வைத்தேன். உற்பத்தியையும் வேறோரிடத்துக்குத் தள்ளினேன். பூவரசங்கட்டை A (2, 1). எல்லைக்கல் B (14, 5). கிணறு K (8, 2). பிறகு அவருடைய வகுப்புக்குப் போனேன்.

அரசாங்க வேலைக்குப் போட்டிப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு அவர் அப்போது புத்திக்கூர்மையைச் சோதிக்கிற உளச்சார்பு வகுப்பு வைத்தார். எனக்கும் பரீட்சை இருந்தது. உள்ளே நுழைந்ததுமே, "அட, நம்மட தரவு போதாது! இன்னும் பாஸ் பண்ணல்லயா?" என்றார். புதுப் பிள்ளைகள் கதை தெரியாமலே சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். நாலு கிழமை, ஒரு வாரம் தவறாமல், கடைசி வாங்கில் இருந்து தலையாட்டினேன்.

வகுப்பின் கடைசிக் கால்மணி நேரம் பிள்ளைகள் கொண்டு வருகிற கணக்கைச் செய்து காட்டுவது அவருடைய வழக்கம். "நான் செய்யாத கணக்கு மட்டக்களப்புல இன்னும் பிறக்கல்ல" என்பார். ஐந்தாம் கிழமை என் தாளை நீட்டினேன். அவர் அதை உரத்து வாசித்தபடி கரும்பலகையில் எழுதினார்.

L ஒரு நேர்கோடு. K (8, 2) என்ற புள்ளி அதற்கு மேலேயா, கீழேயா? கூற்று ஒன்று: L, A (2, 1) இனூடாகச் செல்கிறது. கூற்று இரண்டு: L, B (14, 5) இனூடாகச் செல்கிறது.

"இவ்வளவுதானா?" என்றார். "ஒரு புள்ளியால எத்தனையோ கோடு போகும். அதால ஒண்டாவது மட்டும் போதாது. இரண்டாவதும் தனியப் போதாது. ரெண்டையும் சேத்தா? நாலு கீழ் பன்னிரண்டு, படித்திறன் மூன்றில் ஒன்று. x எட்டுக்குப் போகேக்க கோடு மூண்டுல நிக்கும். K ரெண்டுல நிக்குது. கோட்டுக்குக் கீழ! ரெண்டும் சேந்தாப் போதும்." போதும் என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

"நிச்சயமா சேர்?"

"இதுல என்ன சந்தேகம்? சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்."

"என்ட கொப்பியிலயும் எழுதிக் கையெழுத்து வச்சுத் தாங்க சேர்."

மனுசனுக்குப் புகழ்ச்சி என்றால் காணும், வேறொன்றும் வேண்டாம். எழுதி, கையெழுத்து வைத்து, திகதியும் போட்டுக் கொடுத்தார். நான் கொப்பியை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழும்பி நின்றேன்.

"எங்க எடுத்த இந்தக் கணக்கு? நல்லாரிக்கு" என்றார்.

"உங்கட வேலிக்குள்ள, சேர்."

அவருக்கு விளங்கவில்லை. நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "A எண்டது பூவரசங்கட்டை. B எண்டது ஆத்தங்கரை எல்லைக்கல்லு. காவலரண் எடுத்திட்டாங்க, போய்ப் பாருங்க. K எண்டது எங்கட கிணறு. தெக்கை மேல வச்சு வரைஞ்சிரிக்கன். கீழ எண்டா வடக்கு. வடக்கு எங்கட வளவு. நீங்கதான் இப்ப சொன்ன, சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் எண்டு."

அவர் துடைப்பானை எடுத்துக் கரும்பலகையை அவசரமாக அழித்தார். முன் வாங்கில் இருந்த ஒரு பெண், பகிடிக்கா உண்மையாகவா தெரியாது, "அப்ப தரவு போதும்தானே சேர்?" என்றாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து வருசத்துக்கு முன் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. அவருடைய காது மடல் சிவந்தது. எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் அதை நினைத்தால் இனிக்கிறது. மாமாங்கத்துச் சாமிக்கு அன்றே நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்திருப்பேன், கையில் இருந்ததற்கு மூன்றுதான் கிடைத்தது.

அதே மண்டபத்தில் மறுபடி விசாரணை நடந்தது. கொப்பியை வைத்தேன். கல்லைக் காட்டினேன். நில அளவையாளர் வந்து பார்த்து, கணக்குச் சரி என்றார். சேர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கையெழுத்தை எப்படி எதிர்ப்பது?

வேலி மாற்றுகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. நான்தான் ஞாயிறு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அவரும் வந்து தள்ளி நின்றார். கூலியாட்கள் சீமெந்துத் தூண்களைப் பிடுங்கினார்கள். அளவையாளர் கல்லடியில் கயிற்றைக் கட்டி இழுத்து வந்து, மறு நுனியைப் பூவரசங்கட்டையில் நின்ற என்னிடம் தந்தார். கட்டையிலிருந்து இந்த ஐந்து வருசத்தில் புதுக் கொப்புகள் வெடித்து என் தோளளவுக்கு வந்திருந்தன. அவற்றை விலக்கி, குனிந்து, ஒரு கண்ணை மூடிக் கயிற்றின் வழியே பார்த்தேன். எவ்வளவு நாளாகக் காத்திருந்த பார்வை. கயிறு நேரே போய்க் கல்லில் முடிந்தது. சுண்ணாம்பு பூசிய கல் வெள்ளையாகத் தெரிந்தது.

கல்லுக்குப் பின்னால் ஆறு. ஆற்றுக்கு அக்கரையில், கல்லுக்கு நேரே, ஒரு விரலும் விலகாமல், தண்ணீர்த் தாங்கி நின்றது.

நான் நிமிரவில்லை. அம்மா எனக்குப் பின்னால் விளக்கும் எண்ணெய்ப் போத்தலுமாக நின்றார்.

"தெரியுதா மனே?" என்றார்.

நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன்.

"இதத்தானே நான் அண்டைக்கே சொன்னன். நீதான் கையப் புடிச்சு இழுத்த."

கோபமாகச் சொல்லவில்லை. முற்றம் கூட்டியாச்சு என்று சொல்வது போலச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார்.

பூவரசு ஒரு புள்ளி. தாங்கி ஒரு புள்ளி. காவலரணுக்குள் போகத் தேவையில்லை, யுத்தம் முடியத் தேவையில்லை, எவரும் எங்கே நின்றும் பார்க்கக்கூடிய தாங்கி. அம்மா இரண்டு கூற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தார். அந்த மண்டபத்தில் கணக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சிரித்தார். மற்றவள் மானம் போகிறது என்று வாயை அடைத்தாள். அதற்குப் பிறகு நாலு வருசத்துக்கு மேல், எத்தனை ஞாயிறு, அம்மா முள்ளுக்கம்பிக்கு வெளியே குந்தியிருந்து அணைகிற விளக்கைக் கொளுத்தியிருக்கிறார். நான் அந்த நேரமெல்லாம் பஸ்ஸில் இருந்து கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், அவரை மன்னிக்க மாட்டேன். அவரை மன்னித்துவிட்டால் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

அவர் பூட்டைத் தூக்கிக்கொண்டு போனார். அம்மா கப்பித்தூணுக்குக் கீழே, காற்றுப் படாத பக்கத்தில், விளக்கை வைத்துத் திரியைத் தூண்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? நெருப்புப் பெட்டியக் கொண்டா."